கைப்பேசி மதிப்புரைகளில் தமிழைக் காணோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய தொடுதிரைக் கைப்பேசி ஒன்று சந்தைக்கு வரப்போகிறது என்றால், பல வாரங்களுக்கு முன்பே நாளிதழ்களிலும் யூடியூபிலும் அதைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல், திரை எத்தனை அங்குலம், மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும், சட்டகம் டைட்டானியமா அலுமினியமா என்பதெல்லாம் கைப்பேசி கைக்கு வருமுன்பே நமக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. ஆனால் அந்தக் கைப்பேசியில் தமிழ் எப்படித் தெரியும், தமிழில் எழுத எத்தனை தட்டு தட்டவேண்டும், நாம் பேசுவதை அது தமிழாகப் புரிந்துகொள்ளுமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் மதிப்புரையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆங்கில ஊடகங்கள் இதைக் கண்டுகொள்ளாததில் வியப்பில்லை. தமிழில் வெளிவரும் கைப்பேசிச் செய்திகளும் அதே பட்டியலை மொழிபெயர்த்துத் தருவதோடு நின்றுவிடுகின்றன என்பதுதான் என் குறை. அண்மையில் புதிய கைப்பேசிக்கு மாறியவன் என்ற முறையிலும், மின்னணுத் தொழிற்சாலையில் நெடுங்காலம் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். எந்த நிறுவனத்தின் கைப்பேசி என்பதைச் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு என்னால் விளம்பரமும் வேண்டாம், வசையும் வேண்டாம்.

ஆசைப்பட்டு வாங்கவில்லை, தேவைக்குத்தான் வாங்கினேன் என்று நான் சொன்னால் என் மனைவி சிரிப்பார். பழைய கைப்பேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது நின்றுபோய், வங்கிச் செயலியும் அதில் திறக்க மறுத்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மார்ச் மாத ஐடி ஷோ மின்னணுப் பொருள் கண்காட்சியில் வாங்கலாமா, ஜூன் மாத பிசி ஷோ வரை பொறுக்கலாமா, செப்டம்பரில் கோமெக்ஸ் வரும்போது இதே கைப்பேசி விலை இறங்குமா என்றெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததும் உண்மையே. "அப்பா, நீங்க வாட்ஸ்அப்பும் பேப்பரும்தானே பார்க்கிறீங்க, அதுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?" என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆயினும் புதிய பொருளுக்காகக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அது வயதைப் பார்த்து வருவதில்லை.

இந்தக் காத்திருப்பு சிங்கப்பூருக்குப் புதிதும் அன்று. ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 ஜனவரி 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் முதல் ஐஃபோனை அறிமுகப்படுத்தினார். அந்த முதல் மாடல் இங்கே அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவே இல்லை. அடுத்து வந்த ஐஃபோன் 3ஜி 2008 ஆகஸ்ட் 22ஆம் தேதி சிங்டெல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியாக வந்தபோதுதான் நம்மில் பலர் விரலால் தள்ளி நகர்த்தும் திரையை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தோம். அந்த முதல் ஐஃபோனின் திரை மூன்றரை அங்குலம், எடை 135 கிராம். இன்றைக்குக் கடைகளில் உள்ள பெரும்பாலான கைப்பேசிகளின் திரை ஆறு அங்குலத்தைத் தாண்டிவிட்டது. 200 கிராமுக்கு மேல் எடையுள்ளவையும் ஏராளம். எனக்கு ஏற்பட்ட முதல் எண்ணமும் எடையைப் பற்றியதாகவே இருந்தது. ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இதைப் பயன்படுத்தும்போது கட்டைவிரல் திரையின் மேல்விளிம்பை எட்டுவதில்லை. திரை தெளிவாக இருக்கிறது, படங்கள் நன்றாக விழுகின்றன, வேகத்திலும் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. இவற்றையெல்லாம் மதிப்புரைகளே போதுமான அளவுக்குச் சொல்லிவிடுவதால் நான் மேலும் எழுதத் தேவையில்லை.

மதிப்புரைகள் விட்டுவிடும் முதல் விஷயம் விரல். தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை, மின்னூட்டத்தையே உணர்கிறது. கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு போன்ற, ஒளி ஊடுருவக்கூடிய மின்கடத்தியால் ஆன மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அருகே வரும்போது அந்த இடத்தின் மின்தேக்குத் திறன் சற்றே மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டுதான் விரல் எங்கே இருக்கிறது என்று கைப்பேசி கணக்கிடுகிறது. இங்கிலாந்தில் ஈ.ஏ. ஜான்சன் என்ற பொறியாளர் 1965ஆம் ஆண்டிலேயே, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு உதவும் எண்ணத்தில், இத்தகைய தொடுதிரையைப் பற்றி எழுதிவிட்டார். அடிப்படைத் தத்துவம் இன்றும் அதுவே. ஆகவே தோலில் ஈரப்பசையுள்ள இளைஞரின் விரலும், வறண்டு வெடித்த முதியவரின் விரலும் திரைக்கு ஒன்றல்ல. என் மனைவி பல ஆண்டுகள் உணவங்காடிக் கடையொன்றில் சமைத்தும் பாத்திரம் கழுவியும் உழைத்தவர். அவருடைய விரல்நுனிகளில் ரேகையே தேய்ந்திருக்கிறது. திரைக்குள் பதிக்கப்பட்டுள்ள ரேகை உணரி அவருடைய கட்டைவிரலைப் பதிவுசெய்யும் வட்டத்தைப் பாதி வரை நிரப்பிவிட்டு, மறுபடியும் வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் முக அடையாளத்துக்கு மாறினோம். புதிய கைப்பேசியின் ரேகை உணரி முன்னதைவிட விரைவானது என்று நான் படித்த மதிப்புரைகள் ஒருமனதாகப் பாராட்டியிருந்தன. யாருடைய விரலை வைத்துச் சோதித்தார்கள் என்பதை ஒன்றுகூடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. பொத்தான் வைத்த கைப்பேசியில் பழகிய கை, திரையையும் அழுத்திப் பிடிக்கவே செய்யும். தட்டுவது வேறு, தொட்டுப் பிடிப்பது வேறு என்று கைப்பேசி பிரித்துப் பார்ப்பதால், செயலியைத் திறக்க நினைத்தவருக்கு அதை நீக்கவா, நகர்த்தவா என்று கேட்கும் பட்டி விரிகிறது. மூத்தவர்கள் பலர் "இந்த ஃபோன் சரியில்லை" என்று முதல் நாளே முடிவுகட்டுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டிவைக்கும் வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. அதைக் கூட்டியவுடன் என் மனைவியின் புகார்களில் பாதி நின்றுவிட்டது. விற்பனையாளர் இதைச் சொல்லவில்லை. கேமராவை எத்தனை மடங்கு பெருக்கிப் பார்க்கலாம் என்பதை மட்டும் எதிரே இருந்த அடுக்குமாடி புளோக்கின் சன்னல் கம்பிகளைக் காட்டி ஆர்வத்தோடு விளக்கினார்.

இனித் தமிழுக்கு வருகிறேன். கடைகளில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் கைப்பேசிகள் பெரும்பாலும் செயல்விளக்க நிலையில் பூட்டப்பட்டிருக்கின்றன. தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, அமைப்புகளை மாற்ற அனுமதியில்லை என்று பணிவாகவே மறுத்தார்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கப்போகும் பொருளில் நம் மொழி எப்படி இயங்கும் என்பதை, வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்துகொள்ள முடிகிறது.

வீட்டுக்கு வந்து கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். இயல்பான எழுத்தளவில் எல்லாம் அழகாகவே தெரிந்தது. எழுத்துருவும் பழைய கைப்பேசியில் இருந்ததைவிடத் திருத்தமாக இருக்கிறது. ஆனால் என் வயதில் இயல்பான அளவு போதாது. எழுத்தைப் பெரிதாக்கியதும் சிக்கல் தொடங்கியது. 'உறுதிப்படுத்து' என்று இருக்க வேண்டிய பொத்தானில் 'உறுதிப்ப' என்பதோடு மூன்று புள்ளிகள் நின்றன. பட்டியல்களில் 'கீ', 'றீ' போன்ற எழுத்துகளின் மேல்சுழி வெட்டுப்பட்டிருந்தது. ஆங்கிலச் சொல்லின் அகலத்தையும் உயரத்தையும் மனத்தில் வைத்துப் பொத்தானை வரைந்துவிட்டு, பிறகு அதற்குள் தமிழை நுழைத்தால் இப்படித்தான் ஆகும். பணம் அனுப்பும் திரையில் எந்தப் பொத்தான் உறுதிப்படுத்துவது, எது ரத்துசெய்வது என்று ஒருவர் ஊகிக்க நேர்ந்தால் அதை அழகுக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது.

எழுதும் முறையைப் பொறுத்தவரை, இரண்டு வழிகள் நம்மிடையே புழங்குகின்றன. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பவர்கள் ஒரு சாரார். தமிழ் எழுத்துகளையே விசைகளாகக் கொண்ட தமிழ் 99 விசைப்பலகையில் நேராக எழுதுபவர்கள் இன்னொரு சாரார். நான் இரண்டாம் கட்சி. 'வந்த' என்று எழுத அதில் வகரம், நகரம், தகரம் ஆகிய மூன்று தட்டுகளே போதும். நகரத்துக்குப் பின் தகரம் வந்தால் புள்ளி தானாகவே விழுந்துவிடும். இந்த ஒழுங்கு எல்லாக் கைப்பேசிகளிலும் சீராக இயங்குகிறதா என்றால் இல்லை. என் புதிய கைப்பேசியோடு வந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகளும் மெய்யெழுத்துகளும் அரிச்சுவடி வரிசையில் அடுக்கப்பட்டிருந்தனவே தவிர, தமிழ் 99 இல்லை. வேறொரு விசைப்பலகைச் செயலியை நிறுவிக்கொண்ட பிறகுதான் என் விரல்களுக்கு வழி தெரிந்தது. அழிப்பு விசையையும் கவனித்தேன். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் 'கொ' என்பது ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள் என்பதால், ஒருமுறை தட்டினால் குறி மட்டும் போய் 'க' எஞ்சுகிறது. எனக்கு அது வசதியாகவே பட்டது. தட்டியவுடன் முழு எழுத்தும் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கும் என் மகளுக்கோ எரிச்சலாக இருக்கிறது. ஒரு விசைப்பலகையைப் பற்றி இந்த அளவுக்காவது எழுத ஒரு மதிப்புரையாளருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

தட்டச்சு வேண்டாம், பேசினால் போதும் என்பவர்கள் நம் வீடுகளில் பெருகிவருகிறார்கள். அதனால் குரல்வழித் தட்டச்சை நான் கூடுதல் அக்கறையோடு சோதித்தேன். மொழிப் பட்டியலில் 'தமிழ் (சிங்கப்பூர்)' என்று தனியாக ஒன்று இருந்ததைப் பார்த்தபோது மெய்யாகவே மகிழ்ச்சியாக இருந்தது. பொதுவான சொற்களைப் பிழையின்றி எழுதியது. நான் நிறுத்தி நிறுத்திப் பேசிய நீண்ட வாக்கியத்தையும் தாங்கிக்கொண்டது. இடப்பெயர்களில்தான் தடுமாறியது. "நாளைக்குக் காலையில் ஈசூன் பலதுறை மருந்தகத்துக்குப் போகணும்" என்று என் மனைவி சொன்னதை எழுதும்போது எங்கள் பேட்டையான ஈசூனை ஈசனாக்கிவிட்டது. சிவபெருமானுக்கு மருந்தகத்தில் என்ன வேலை என்று வீட்டில் சிரித்துக்கொண்டோம். தோ பாயோவும் அங் மோ கியோவும் அவ்வளவு பக்தியோடு மாறவில்லை, சிதறித்தான் போயின. இந்த ஊரின் பெயரைத் தாங்கிய மொழித்தெரிவு இந்த ஊரின் பேட்டைப் பெயர்களையாவது அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது.

இப்போது கைப்பேசி அறிவிப்புகளில் செயற்கை நுண்ணறிவே மேடையின் நடுவில் நிற்கிறது. 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்சி எஸ்24 வரிசை அறிவிக்கப்பட்டபோது, தொலைபேசி உரையாடலை உடனுக்குடன் மொழிபெயர்த்துத் தரும் வசதி பெரிதாகப் பேசப்பட்டது. அப்போது அது 13 மொழிகளில் கிடைத்தது. ஆங்கிலமும் சீனமும் அவற்றில் இருந்தன, இந்தியும் இருந்தது. நம் அதிகாரத்துவ மொழிகளான தமிழும் மலாயும் இல்லை. ஆப்பிள் நிறுவனமும் தன் நுண்ணறிவு வசதிகளைச் சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கென 2025ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. இந்த நிறுவனங்கள் தங்கள் வணிகக் கணக்குப்படி மொழிகளை வரிசைப்படுத்துவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் விற்கப்படும் ஒரு பொருளைச் சிங்கப்பூர்த் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தும் செய்தியில், 'இந்த வசதி தற்போது தமிழில் இல்லை' என்ற ஐந்து சொற்கள் இடம்பெற வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறேன். அந்த வசதிக்காகவே விலையுயர்ந்த மாடலை வாங்கி, ஊரிலுள்ள மாமியாருடன் பேரப்பிள்ளையைத் தமிழில் பேசவைத்துவிடலாம் என்று எண்ணியிருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இதில் எனக்குக் கூடுதலான ஆதங்கம் வருவதற்குக் காரணம் இந்த ஊரின் வரலாறு. தமிழ் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி இங்கே வாழ்ந்து உழைத்தவர். தமிழ்நெட் 97 என்ற தமிழ்க் கணினி மாநாடு 1997இல் சிங்கப்பூரில்தான் நடந்தது. உத்தமம் என்று நாம் அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000ஆம் ஆண்டில் இங்கே நடந்த மாநாட்டையொட்டித்தான் உருவானது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற கைப்பேசித் தமிழ்ச் செயலி, 2005 பொங்கலையொட்டி இங்கே அறிமுகமானபோது, பொத்தான் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பி மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பின்னர் 2013இல் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது தமிழ் விசைப்பலகை அதிலேயே அமைந்து வந்தது. 2017இல் கூகல் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. கட்டம் கட்டமாகத் தெரிந்த எழுத்துகளிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். கருவி முன்னேறிய அளவுக்கு அதைப் பற்றிய நம் எழுத்து முன்னேறவில்லை.

புதிய கைப்பேசி என்பது இனி விருப்பமுள்ளவர்கள் மட்டும் வாங்கும் பொருளும் அன்று. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் முடிந்தது, 3ஜி சேவை 2024இல் முடிந்தது. ஒவ்வொரு முறையும் வேலை செய்துகொண்டிருந்த கைப்பேசிகளை மூத்தவர்கள் கைவிட நேர்ந்தது. சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு, அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ், பணம் அனுப்பும் பேநவ் எல்லாமே திரையைத் தொட்டுத்தான் நடக்கின்றன. சமூக மன்றங்களில் மின்னிலக்கத் தூதர்கள் பொறுமையாகக் கற்றுத்தருகிறார்கள். அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களிடம் போவதற்கு முன்பே, எதை வாங்குவது என்ற முடிவை வீட்டில் எடுத்தாக வேண்டியிருக்கிறது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதையும் எந்த மதிப்புரையும் சொல்லவில்லை. புதிய கைப்பேசிக்கு மாறும் நாளில் வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மோசடிகளைத் தடுப்பதற்காக, பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் வங்கியின் மின்னிலக்கப் பாதுகாப்பு வில்லையை (டோக்கன்) புதிய கருவியில் இயக்கும்போது குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற நடைமுறை 2022ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். தெரியாமல் மாற்றிவிட்டு அன்று மாலையே மளிகைக் கடையில் பேநவ் மூலம் பணம் செலுத்த நிற்பவருக்கு மட்டும் புதிய கைப்பேசியின் முதல் நாள் கசந்துபோகும். பழைய கைப்பேசியை உடனே விற்றுவிடாமல் இருப்பதும் நல்லது.

தங்களிடம் நான் கேட்பது பெரிய ஏற்பாடு எதுவுமில்லை. கைப்பேசிகளைப் பற்றி எழுதும் தங்கள் செய்தியாளர், புதிய மாடல் ஒன்று மதிப்புரைக்காகக் கிடைக்கும்போது, அதன் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவைப் பெரிதாக்கி, அன்றாடம் பயன்படும் சில செயலிகளைத் திறந்து பார்க்கட்டும். விசைப்பலகையில் தமிழ் 99 இருக்கிறதா என்று சொல்லட்டும். குரல்வழியாகப் பத்துப் பேட்டைப் பெயர்களைச் சொல்லி, எத்தனை சரியாக வந்தன என்று அச்சிடட்டும். அறிவிக்கப்பட்ட நுண்ணறிவு வசதிகளில் தமிழுக்கு எவை உண்டு, எவை இல்லை என்று ஒரு வரி எழுதட்டும். எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்பதையும் சேர்த்தால் நல்லது. 2023இல் வந்த கூகலின் பிக்சல் 8, 2024இல் வந்த கேலக்சி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டுகள் என்று அறிவித்திருக்கிறார்கள், வேறு பலவற்றுக்கு அவ்வளவு இல்லை. முடிந்தால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் கையில் அந்தக் கைப்பேசியைக் கொடுத்து, அவருடைய விரலுக்கு அது எப்படிப் பதிலளிக்கிறது என்று பார்க்கட்டும். அலுவலகத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் நானும் என் மனைவியும் வரத் தயார்.

கடைக்காரர்களுக்கும் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். பார்வைக்கு வைக்கும் கைப்பேசிகளுள் ஒன்றில் மட்டுமாவது நான்கு அதிகாரத்துவ மொழிகளின் விசைப்பலகைகளையும் முன்கூட்டியே சேர்த்துவையுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. என்னைப் போன்றவர்கள் கேள்வி கேட்டு உங்கள் நேரத்தைப் பிடிப்பதும் குறையும்.

செப்டம்பர் கோமெக்ஸ் கண்காட்சிக்கு முன் இத்தகைய மதிப்புரை ஒன்றையேனும் தங்கள் நாளிதழில் எதிர்பார்க்கிறேன். எங்கள் புளோக்கில் கைப்பேசி மாற்றுவதற்காக அதுவரை காத்திருக்கப்போகும் சிலருக்கு அந்தப் பக்கத்தை வெட்டிக் கொடுப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுத் தொழில்நுட்பர்,
ஈசூன்